எல்லைப் பக்கம் ஆறு மணிக்கு முடியும்

எல்லைப் பக்கத்தைத்தான் முதலில் முடிப்பார்கள்.
கோவையில் அச்சேறி, வண்டி
வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்ட வேண்டும்.
ஆகவே எங்களுக்கு நாள் என்பது
மாலை ஆறோடு சரி.
அதற்குப்பின் செத்தவர்
நாளை மறுநாள்தான் சாவார்.

நான் பகுதிநேர நிருபர்.
மீதி நேரம் உரக்கடையில் பில் போடுகிறேன்.
செய்திக்குச் சென்டிமீட்டருக்கு ஏழு ரூபாய்.
கள்ளு வண்டி கவிழ்ந்தால் பதினாறு சென்டிமீட்டர்.
கல்லூரிக் கூடைப்பந்து என்றால் நாலு,
அதுவும் யானை இறங்காத நாளில்.

பொள்ளாச்சிப் பக்கத்தைப் பார்ப்பவர் சொல்வார்:
அது கேரளாச் செய்தியப்பா.
பாலக்காட்டு மலையாளப் பத்திரிகைக்காரர் சிரிப்பார்:
தமிழ்ப் பிள்ளைகள்தானே, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
இரண்டு பக்கங்களுக்கும் நடுவே
எதுவும் அச்சாகாத மடிப்பில்
பன்னிரண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிமெண்டுத் தரை.
விடுமுறையில் கொப்பரை காயவைத்த பிசுக்கு
இன்னும் ஷூவில் ஒட்டும்.
மார்கழியில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வரும்,
எறிந்த பந்தை மேற்கே தள்ளும்.
வளையத்துக்கு ஒரு சாண் கிழக்கே குறிவைத்தால்
வளையத்தில் விழும்.
இதை எங்கள் பெண்கள் யாருக்கும் சொல்வதில்லை.

அன்று அரையிறுதி.
நடுவர் வந்த பேருந்து கோபாலபுரத்தில் பஞ்சர்,
ஆட்டம் ஒரு மணிநேரம் தள்ளிப்போனது.
ஐந்து ஐம்பதுக்கு
நாற்பத்தொன்று – முப்பத்தாறு,
மீனாட்சிபுரம் பின்னால்,
மூன்று நிமிடம் பாக்கி.
டெஸ்க்கிலிருந்து அழைப்பு:
"முடிஞ்சுதா?"
"முடிஞ்ச மாதிரிதானுங்க."

செய்தியில் மாதிரி இல்லை.
வெட்டியது அவர்களா,
தட்டச்சு செய்கையில் நானே விட்டுவிட்டேனா,
இன்றுவரை என் ஃபோனைத் திறந்து பார்க்கவில்லை.

பிறகு அந்த ஒன்பதாம் எண்.
மூன்று கால் பகுதிகளாகத் தவறவிட்டுத் தவறவிட்டுக்
காற்றைப் படித்திருந்தாள்.
கோட்டுக்கு வெளியே நின்று
வெட்டவெளியைப் பார்த்து எறிந்தாள்.
மூன்று.
எங்கள் பயிற்சியாளர் கைகாட்டிக் கத்தியதெல்லாம்
காற்றோடு பாலக்காட்டுக்குப் போனது.
விசிலுக்கு முன் இன்னொன்று, அதே வெட்டவெளி.
நாற்பத்திரண்டு.

ஆறு ஏழுக்குக் கூப்பிட்டேன்.
"பக்கம் போயிருச்சே."

விடிந்ததும்
வேலந்தாவளம் கல்லூரி அபாரம்
என்று வந்திருந்தது. நாலு சென்டிமீட்டர்.
முதல்வர் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்தினார்.
தோற்றது தெரிந்தும் குத்தினாரா என்று
யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் கடைக்கு வந்தாள் கேப்டன் நஸ்ரின்.
யூரியா மூட்டைமேல் பேப்பரை விரித்தாள்.
திட்டுவாள் என்று
கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எம்பேரு இதுவரைக்கும் நாலு தடவை வந்திருக்கு.
நஸ்ரியான்னு ஒருக்கா, நசீரான்னு ஒருக்கா,
ஒருக்கா நஸ்ருதீன்னு.
இப்பத்தான் சரியா வந்திருக்கு.
ஆட்டந்தான் தப்பு."

கொஞ்ச நேரம் கழித்து:
"அந்த ஒம்பதாம் நம்பர் பேரு ஜெமிமா.
கைகொடுக்கும்போது கேட்டேன்.
அவங்கப்பா பஸ்ல கண்டக்டருங்களாம்.
காத்தால பேப்பர் வாங்கிருப்பாருல்லங்?"

திருத்தம் எழுதி அனுப்பினேன், பதினோரு வரி.
"இதுக்கெல்லாம் திருத்தமா?" என்றார்கள்.
மறுநாளும் அனுப்பினேன்.
மூன்றாம் நாள், எழுத்தை மாற்றாமல், மறுபடி.

ஐந்தாம் நாள்
தீவனப்புல் விளம்பரத்துக்குக் கீழே
ஒரு சென்டிமீட்டர்:
மீனாட்சிபுரம் மகளிர் கல்லூரி
இறுதிக்குத் தகுதி. ஜெமினா 17 புள்ளி.

நஸ்ரின் வாசித்தாள். சிரிக்கவில்லை.
என் காதோரம் செருகியிருந்த பில் பேனாவை உருவி
னாவின்மேல் அழுத்தி ஒரு மா எழுதினாள்.
தாள் கிழிந்து
மறுபக்கத்துத் தேங்காய் விலை தெரிந்தது.

பிறகு டீக்கடைப் பிரதியைத் தேடிப் போனாள்,
பேனாவைத் திருப்பித் தராமலே.